வலித்தால் மட்டும் வரவும்

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளி, கோயில், பசார் மாலாம், கல்யாண மண்டபம் என்று மூடப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. அதில் யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒன்று பல். அரசு பல் கிளினிக்குகள் அவசரச் சிகிச்சையோடு நின்றன. சொத்தை அடைக்க, பல் சுத்தம் செய்ய, கம்பி இறுக்க, செட்டுப் பல்லுக்கு அளவு கொடுக்க என்று வாங்கி வைத்திருந்த அப்பாய்ண்ட்மெண்டுகள் தள்ளிப்போயின. முகம் வீங்கியிருக்கிறதா, ரத்தம் நிற்கவில்லையா, அடிபட்டுப் பல் உடைந்ததா, தாங்க முடியாத வலியா? அப்படியென்றால் வரலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், வலித்தால் மட்டும் வரவும்.

தனியார் கிளினிக்குகள் மெல்லத் திறந்த பிறகும், அரசு கிளினிக்கில் மறுதேதி கிடைத்த பிறகும் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. போகலாமா, வேண்டாமா? லட்சக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது இது கேட்கவே கூச்சமான கேள்வி. 'பல்லுதானே, அப்புறம் பாத்துக்கலாம்' என்பதுதான் பெரும்பாலும் வந்த பதில். இந்தப் பதிலுக்குப் பின்னால் கொரோனாவைவிட மிகப் பழைய வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் ஊர். மஸ்ஜித் தானா மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில் இருக்கும் சின்ன டவுன். வடமேற்கே போனால் லிங்கி ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன். தெற்கே போனால் சுங்கை ஊடாங், அதைத் தாண்டினால் மலாக்கா நகரம். சாதாரண நாட்களில் இந்த எல்லைகள் யாருக்கும் பொருட்டே இல்லை. ஆணை வந்தபிறகு ஆறு எல்லைக்கோடாக மாறியது. 10 கிலோமீட்டர் விதி வந்தபோது பெரிய ஆஸ்பத்திரி, சிறப்பு மருத்துவர் எல்லாம் விதிக்கு வெளியே போய்விட்டார்கள். மருத்துவக் காரணம் சொல்லிப் போக அனுமதி இருந்தது. ஆனால் சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரிடம் 'பல் செக்கப்' என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

இது ஒரே ஒருமுறை எடுத்த முடிவும் அல்ல. 2020 ஜூன் மாதம் கட்டுப்பாடு தளர்ந்தது. 2021 ஜனவரி 13ஆம் தேதி மலாக்கா உட்படப் பல மாநிலங்களில் மீண்டும் வந்தது. ஜூன் 1ஆம் தேதி முழு அடைப்பு. ஆகஸ்டு 26ஆம் தேதி ஒரே நாளில் 24,599 தொற்றுகள். மாநிலம் விட்டு மாநிலம் போக அக்டோபர் 11ஆம் தேதிதான் விட்டார்கள். ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள். ஒவ்வொரு தளர்விலும் அதே கேள்வி, ஒவ்வொரு அடைப்பிலும் அதே பதில்.

அந்தப் பயம் முட்டாள்தனமானதா? இல்லை. ஏன் என்று புரிய பல்மருத்துவரின் டிரில் மிஷினைப் பார்க்க வேண்டும். 1957இல் அமெரிக்கப் பல்மருத்துவர் ஜான் போர்டன் காற்றுச் சுழலியால் ஓடும் கைக்கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று. அதற்கு முன் காலால் மிதித்தும், பிறகு மோட்டாரும் பெல்ட்டும் வைத்தும் ஓட்டிய கருவிகளோடு ஒப்பிட்டால் இது வேறு யுகம். வலி குறைந்தது, நேரம் குறைந்தது. ஆனால் அந்த வேகத்தில் பல் சூடாகிச் செத்துவிடும். அதனால் கூடவே தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அழுத்தக் காற்றும் தண்ணீரும் வேகமாகச் சுழலும் முனையும் சேர்ந்தால் நுண்துளி மேகம் உருவாகும். எந்தப் பொறியாளரும் வரைந்து காட்டிவிடக்கூடிய சங்கதிதான் இது. நோயாளி முகமூடியைக் கழற்றி வாயைத் திறந்து படுத்திருக்க, அந்த மேகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில் மருத்துவரின் மூக்கு.

அதனால்தான் வூஹான் நகரில் நோய் பரவியபோது அங்கிருந்த பல்மருத்துவர்கள் முதலிலேயே எச்சரித்தார்கள். 2020 மார்ச் நடுவில் நியூ யார்க் டைம்ஸ் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒரு வரைபடம் போட்டது. பல்மருத்துவர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் அதன் உச்சியில் இருந்தார்கள். இங்கிலாந்தில் மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை பல் கிளினிக்குகளில் நேரடிச் சிகிச்சையே கிடையாது. தொலைபேசியில் ஆலோசனை, மிக அவசரம் என்றால் தனி மையம். ஆகஸ்டு 3ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம், சமூகப் பரவல் உள்ள இடங்களில் அவசரமில்லாத பல் சிகிச்சையைத் தள்ளிவைக்கலாம் என்று வழிகாட்டியது. அமெரிக்கப் பல்மருத்துவச் சங்கம் உடனே கடுமையாக மறுத்தது. வாய் ஆரோக்கியம் உடல் ஆரோக்கியத்தின் பகுதி, அதை அவசியமில்லாத வேலையாகப் பார்க்காதீர்கள் என்பது அவர்கள் வாதம்.

பிறகு வந்த தரவுகள் யார் பக்கம் நின்றன? 2020 ஜூன் மாத நிலவரப்படி அமெரிக்கப் பல்மருத்துவர்களில் தொற்று கண்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு என்று அந்தச் சங்கத்தின் ஆய்வு சொன்னது. 2021இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 28 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், தெறிக்கும் துளிகளில் இருந்த கிருமிகளில் பெரும்பகுதி கருவிக்குள் ஓடும் தண்ணீரிலிருந்து வந்தது, எச்சிலின் பங்கு மிகக் குறைவு என்று தெரிந்தது. அந்த மேகம் பெரும்பாலும் வெறும் தண்ணீர்தான். மார்ச் மாதம் பயந்தது சரி. வருடம் முழுக்க அதே அளவு பயந்ததற்குக் காரணம் வேறு.

பல்மருத்துவரின் நாற்காலியைக் கண்டு உலகம் பயந்தது இது முதல்முறை இல்லை. 1990இல் ஃபுளோரிடாவில் ஒரு பல்மருத்துவரிடமிருந்து நோயாளிக்கு எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பின்னர் அந்த எண்ணிக்கை ஆறாக உயர்ந்தது. அந்த எய்ட்ஸ் பயத்துக்கு முன்பு பல பல்மருத்துவர்கள் வெறும் கையை வாய்க்குள் விட்டுத்தான் வேலை செய்தார்கள். 1980களின் பிற்பகுதியில் கையுறை கட்டாயம் போல ஆனது. உலகம் முழுக்கக் கையுறைக்குத் தேவை எகிற, மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலைகள் பெருகின. அன்றைய கையுறை மரத்துப் பாலில் செய்தது. விடியற்காலையில் நெற்றி விளக்கோடு போய்த் தமிழர்கள் வெட்டிய பாலில் ஒரு பங்கு உலகத்துப் பல்மருத்துவர்களின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் வெட்டியவர்களின் வாயை அந்தக் கையுறை எத்தனை முறை தொட்டிருக்கும்?

பல்லைச் சின்ன விஷயம் என்று வரலாறு ஒருபோதும் சொன்னதில்லை. 1665 லண்டன் பிளேக் ஆண்டு. நகரத்தின் இறப்புக் கணக்குப் பட்டியலில் பிளேக்குக்கு மட்டும் 68,596 பேர். அதே பட்டியலில் 'பற்கள்' என்றும் ஓர் இறப்புக் காரணம் உண்டு. பல் முளைக்கும் வயதில் இறந்த குழந்தைகளையும் அதில் சேர்த்து எழுதினார்கள் என்றாலும், பல்லில் சீழ் பிடித்துச் சாவது அன்று சாதாரணம். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கிக் கழுத்தை வீங்கவைத்து மூச்சை அடைக்கும் நோயை 1836இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்தார். ஆன்டிபயாடிக் வரும்வரை அது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது 'முகம் வீங்கினால் வா' என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டியல் நியாயமானது. உயிர் போகும் பல்லை அது விட்டுவிடவில்லை.

அந்தப் பட்டியல் யாரை விட்டுவிட்டது என்று பார்க்க, தோட்டத்துக்குப் போக வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் நோய் என்பது டிரஸ்சர் ஐயா ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். காலனி அரசின் தொழிலாளர் சட்டங்கள் தோட்டங்களுக்கு மருத்துவ வசதி வேண்டும் என்று சொன்னதால் ஆஸ்பத்திரிகளும் டிரஸ்சர்களும் வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்ய நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. மலேரியா, வயிற்றுப்போக்கு, பிரசவம், புண் எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர்களில் பலர் அருமையாக வேலை செய்தார்கள். ஆனால் அந்த அமைப்பு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. காலைப் பெரட்டுக்கு ஆள் வர வேண்டும். வேலைக்கு வராத ஆளுக்கு அன்றைய சம்பளம் இல்லை. காய்ச்சல் உடம்பு சுடும், புண்ணைக் கண்ணால் பார்க்கலாம். பல்வலியோடு மரம் வெட்டலாம். அப்படித்தான் வெட்டினார்கள்.

பல்லுக்கென்று இருந்தவை கிராம்பு எண்ணெய், உப்புத் தண்ணீர், ஓட்டைக்குள் அடக்கிய புகையிலை. துலக்கக் கரி, பிறகு பல்பொடி. பழைய வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரம் நாடுகளை வரிசையாகச் சொல்லும்போது மலேசியாவும் வருமே, அந்தச் சந்தை நம் தாத்தா பாட்டிகள்தான். தாங்க முடியாவிட்டால் டவுனுக்குப் போய்ப் பிடுங்கிக்கொள்வார்கள். டவுன்களில் பட்டம் இல்லாமல் கைத்தொழிலாகப் பல் வேலை கற்றவர்கள் கடை வைத்திருந்தார்கள். 1948இன் பதிவுச் சட்டம் அப்படி ஏற்கனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களையும் ஏற்றுக்கொண்டது. படித்த பல்மருத்துவர் அவ்வளவு அபூர்வம். சிங்கப்பூரில் பல்மருத்துவப் பள்ளி 1929இல் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவப் புலம் வந்ததோ 1970களில்.

பிள்ளைகள் கதை கொஞ்சம் வேறு. நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. அவர்கள் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தார்கள். வகுப்பு வகுப்பாகக் கூப்பிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி, அட்டையில் குறித்துக்கொள்ளும் 'பல் மிஸ்ஸி'யை மலேசியாவில் படித்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பயத்தில் கழிவறைக்குள் ஒளிந்த கதை ஒவ்வொரு பள்ளியிலும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள். வலிக்காத வாயை ஒருவர் தேடி வந்து பார்த்த அனுபவம் நமக்கு அந்த ஆறு வருடங்களில்தான் கிடைத்தது. பெரியவர்களுக்கு அது எப்போதுமே கிடைக்கவில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. லயத்து வீடுகளிலிருந்து மக்கள் டவுன் ஓரங்களுக்கு வந்தார்கள். தோட்ட ஆஸ்பத்திரி போய்விட்டது. அரசு கிளினிக் வந்தது, அங்கே கட்டணமும் மிகக் குறைவு. ஆனால் பழக்கம் மட்டும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்துவிட்டது. வலித்தால்தான் நோய். 2010இல் நாடு தழுவிய கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குச் சொத்தை அனுபவம் இருந்தது. அதனால் இது நம்முடைய தனிப் பழக்கம் இல்லைதான். ஆனால் நம் ஆட்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு.

1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பென்டால் என்ற மிஷனரி மருத்துவர் திருவிதாங்கூரில் தான் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர் வேலை பார்த்த நெய்யூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. வாயில், குறிப்பாகக் கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்தான் அவர் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டது. 1933இல் அதே நெய்யூரிலிருந்து மருத்துவர் ஓர், வெற்றிலையும் புகையிலையும் மெல்கிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் எழுதினார். பென்டால் எழுதிய அந்தக் காலத்தில்தான் மலாயாவில் தமிழர் குடிவரவு நிதி அமைக்கப்பட்டு, தென்னிந்தியக் கூலிகள் கப்பல் கப்பலாக ரப்பர் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். கப்பலில் வெற்றிலைப் பையும் வந்தது. பசியையும் அலுப்பையும் கொஞ்சம் தள்ளிவைக்கும் மலிவான பொருள் அது. 1952இல் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் கென்யாவில் ஐந்து இந்தியப் பெண்களிடம் வாய் இறுகிப்போகும் நோயைப் பார்த்து விவரித்தார். பாக்குதான் அதன் முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. நாம் போன நாடெல்லாம் இது கூடவே வந்திருக்கிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுக் காரணியாக உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாத வெற்றிலையும் வெறும் பாக்கும்கூடக் காரணிதான் என்று 2003இல் முடிவு செய்தது.

மலேசியாவின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் இருந்திருக்கிறது. மலாய், சீனப் பெண்களிடம் அப்படி இல்லை. அதனால்தான் 1990களின் பிற்பகுதியிலிருந்து சுகாதார அமைச்சின் பல் பிரிவு தோட்டங்களுக்குப் போய் வாயைப் பரிசோதிக்கும் திட்டத்தை நடத்தியது. டார்ச் விளக்கு, கண்ணாடி, கையுறை. கன்னத்தை இழுத்துப் பார்ப்பார்கள், நாக்கைத் தூக்கச் சொல்வார்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண். அவ்வளவுதான் வேலை. சில நிமிடங்களில் முடியும்.

இந்தத் திட்டுகள் ஆரம்பத்தில் வலிக்காது.

'வலித்தால் மட்டும் வரவும்' என்ற விதி உடைவது இந்த இடத்தில்தான். சொத்தைப் பல் ஒருநாள் கத்தி எழுப்பும், சீழ் முகத்தை வீங்கவைக்கும், இரண்டும் அவசரப் பட்டியலில் ஏறிவிடும். கன்னத்துக்குள் மெதுவாகப் பரவும் வெள்ளைத் திட்டு எந்தப் பட்டியலிலும் ஏறாது. அது வலிக்க ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அமெரிக்கக் கணக்குப்படி, வாய்ப்புற்று பரவுமுன் கண்டால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவியபின் கண்டால் பாதிப் பேர்கூட இல்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போன அப்பாய்ண்ட்மெண்டுகளை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். கையில் அட்டை இருந்தவர்கள் ஒரு வகை. பல்லில் கம்பி மாட்டிய கல்லூரி மாணவர், பாதி வேர்சிகிச்சையில் நின்ற அலுவலர். 'போகலாமா வேண்டாமா' என்று குழம்பியவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குப் பின்னால் இன்னொரு தேதி காத்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் இன்னொரு வகை. பள்ளி மூடியதும் பல் மிஸ்ஸியின் வருகையும் நின்றது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. மூன்றாவது, வெற்றிலை போடும் ஆயா. அவருக்கு அட்டையே இல்லை. யாராவது முகாம் போட்டால், அல்லது பேத்தியைப் பல்லுக்குக் கூட்டிப்போகும்போது 'உங்க வாயையும் காட்டுங்க பாட்டி' என்று ஒரு மிஸ்ஸி சொன்னால்தான் அவர் வாய் திறக்கும். ஆட்கள் கூடக்கூடாது, வயதானவர்கள் வெளியே வரக்கூடாது என்றபோது அந்த வாய்ப்பு சத்தமில்லாமல் ரத்தானது. ரத்தானது அவருக்கே தெரியாது.

2021 ஜூன் கடைசியில் மலேசிய வீடுகளில் வெள்ளைக் கொடி ஏறியதை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சோறு இல்லாதவர்கள் கொடி கட்டுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் வருவார்கள் என்றார்கள், வந்தார்கள். பசிக்குக் கொடி கட்டலாம். வலிக்காத நோய்க்கு எதைக் கட்டுவது?

அரசைக் குறை சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் 2020 மார்ச்சில் யாராக இருந்தாலும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பார்கள். பாதுகாப்பு உடைக்கே தட்டுப்பாடு இருந்த நேரம் அது. என் வருத்தம் வேறு. நாட்டின் மற்றவர்கள் அந்த விதியை நெருக்கடியாக உணர்ந்தார்கள், அதனால் விதி தளர்ந்ததும் கிளினிக் வாசலில் போய் நின்றார்கள். தோட்ட வழி வந்த நம் ஆட்களுக்கு அது புதிதாகவே படவில்லை. மூன்று தலைமுறையாக வாழ்ந்த விதியை அரசாங்கம் எழுத்தில் கொடுத்தது போலத்தான் இருந்தது. அதனால் அது எடுக்கப்பட்டபோதும் நமக்குத் தெரியவில்லை. 'அப்புறம் பாத்துக்கலாம்' இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தள்ளிவைப்பதிலும் இரண்டு விதம் உண்டு. டாக்டர் பார்த்துவிட்டு 'இது மூன்று மாதம் தாங்கும்' என்று சொல்லித் தள்ளுவது முடிவு. யாருமே பார்க்காமல் தள்ளுவது சூதாட்டம். அடுத்த கொள்ளைநோய் வரும், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அப்போதும் அவசரப் பட்டியல் ஒன்று போடத்தான் வேண்டும். அதில் வலியோடு சேர்த்து இன்னொரு வரியும் வேண்டும்: வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்கள், வலி இல்லாவிட்டாலும். நுண்துளி மேகம் எழுப்பும் டிரில் மிஷின் இதற்குத் தேவையில்லை. டார்ச் விளக்கு போதும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர் யார், அவர் வாயைக் கடைசியாக யார் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத அளவு இறுகிய வாய் இருந்தால் அரசு பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வலிக்குதா என்று அவரிடம் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்.